புது காம்பவுண்ட் வில்: 3 பின் சைட்டா, ஒரே பின் ஸ்லைடரா? ரிலீஸ் எது?

செந்தூல்_புதுவில்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. செகண்ட் ஹேண்ட்ல ஒரு வேட்டை காம்பவுண்ட் வில் (நுனிகள்ல சக்கரம் வெச்ச வில்) வாங்கியிருக்கேன். இழுவை எடை 50லேர்ந்து 60 பவுண்ட், டிரா லெங்த் (நாணை முழுசா இழுக்கிற நீளம்) 28 இஞ்ச், வலது கை. அம்பைத் தாங்கற ரெஸ்ட் மட்டும் மாட்டியிருக்கு. குறி பார்க்கிற பின் இருக்கிற சைட், நாண்ல வெச்சு எட்டிப் பார்க்கிற ஓட்டையான பீப், நாண்ல கட்டற கயிறு வளையமான டி-லூப், அந்த வளையத்தைக் கொக்கியால பிடிச்சு இழுத்து விடற ரிலீஸ் எதுவும் இல்ல. காட்டுக்குப் போற எண்ணம் கிடையாது. ரேஞ்சுல 18, 30 மீட்டர் அடிக்கணும், பழகினதும் 50 போகணும். பட்ஜெட் 900 ரிங்கிட். ஆன்லைன்ல 5 பின் சைட், மணிக்கட்டு ரிலீஸ், பீப் எல்லாம் ஒரே பாக்ஸ்ல 150 ரிங்கிட்டுக்குக் கிடைக்குது. அது போதுமா? நான் கண்ணாடி போடுறவன், அதையும் கணக்குல எடுத்துச் சொல்லுங்க.

நாண்கட்டி_பட்டர்வொர்த்:
தம்பி, அந்த பாக்ஸை விட்டுடுங்க. சைட்ல கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கலாம், ரிலீஸ்ல பிடிக்கக் கூடாது. சைட் ஆடினா அம்பு தள்ளிப் போய்க் குத்தும், அதோட போச்சு. ரிலீஸோட கொக்கி பாதி இழுவையில விட்டுச்சுன்னா, 50 பவுண்டை இழுத்துக்கிட்டிருந்த முஷ்டி நேரா உங்க வாய்க்குத்தான் வரும். அம்பு போற திசையும் உங்க கையில இருக்காது. 900ல பாதிக்கு மேல ரிலீஸுக்கு ஒதுக்குங்க.

எதை முதல்ல செய்யறதுங்கிறது முக்கியம். எடை, டி-லூப், ரிலீஸ், பீப், கடைசியாத்தான் சைட். தலைகீழா செஞ்சா எல்லாத்தையும் இரண்டு தடவை செய்யணும். ஏன்னா இழுவை எடையை மாத்தினா எல்லா பின்னும் இடம் மாறும். பீப்பை மேல தூக்கினா அம்பும் மேல போகும்.

எடையைக் கீழ் எல்லைக்குக் கொண்டு வாங்க. மேல் லிம்ப் (வில்லோட வளையற கை) போல்ட்டை எத்தனை சுற்று தளர்த்துறீங்களோ, கீழ் போல்ட்டையும் அதே அளவு. ஒரு முழுச் சுற்றுக்கு 2லேர்ந்து 3 பவுண்ட் குறையும். அதிகபட்சம் எத்தனை சுற்றுன்னு அந்த வில்லோட கையேட்டுல போட்டிருக்கும், அதைத் தாண்டினா லிம்ப் பாக்கெட்லேர்ந்து கழண்டு வரும். 50 பவுண்ட்ல 80 சதவீத லெட்-ஆஃப் (கடைசியில எடை குறையற அளவு) இருந்தா முழு இழுவையில கையில நிக்கிறது 10 பவுண்ட்தான். ஆனா அந்த இடத்துக்கு வர்றதுக்கு முழு 50ஐயும் கடக்கணும். வில்லை இலக்குத் தட்டுக்கு நேரா நீட்டி, வானத்துக்குத் தூக்காம இழுக்க முடியலன்னா, அந்த எடை இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். மேல தூக்கி இழுக்கிறவங்களை ரேஞ்சுல நிறுத்திடுவாங்க, அதுல நியாயம் இருக்கு. சுத்தி கொண்டோ இருக்கிற ஊர்ல அம்பு தட்டைத் தாண்டிப் போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

டி-லூப்புக்கு 2 மில்லி லூப் கயிறு 11 சென்டி வெட்டுங்க. நுனி இழைகளைப் பிரிச்சு விட்டு லைட்டர்ல காட்டினா உருகிக் காளான் தலை மாதிரி ஆகும், உடனே லைட்டரோட உலோகப் பக்கத்துல அழுத்தித் தட்டையாக்குங்க. இந்தத் தலை சின்னதா இருந்தா முடிச்சு உருவிக்கிட்டு வரும். புது லூப் அறுந்துச்சுன்னு சொல்ற பல கேஸ் இந்த உருவல்தான். இரண்டு முடிச்சும் எதிர் எதிர்ப் பக்கமா விழணும். நடுவுல நாக் (அம்போட வால்ல நாணைக் கவ்வற பிளவுத் துண்டு) உட்கார்ந்த பிறகு மேலேயும் கீழேயும் ஒரு தாள் நுழையற அளவு இடம் விடுங்க. முழு இழுவையில நாண் கூர்மையா மடங்கும்போது இடமில்லாட்டி முடிச்சு அந்த நாக்-ஐக் கிள்ளும், அம்பு ரெஸ்ட்டை விட்டு எழும்பும். கடைசியா பிளையரை லூப்புக்குள்ள விட்டு விரிச்சு இறுக்குங்க. லூப் மேல பஞ்சு மாதிரி கிளம்ப ஆரம்பிச்சா மாத்திடணும்.

ரிலீஸ்ல உங்களுக்கு மணிக்கட்டு வார் வகை போதும், ஆள்காட்டி விரலால விடறது. வெல்க்ரோ வேண்டாம், பக்கிள் வாங்குங்க. நம்ம ஊர் வேர்வைக்கு வெல்க்ரோ சீக்கிரம் பிடி விடும். அதுவும் இல்லாம பக்கிள்ல தினமும் அதே ஓட்டையில மாட்டலாம், நீளம் மாறாது. நீளத்தைச் சரி பண்றதுலதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. டிரிகர் விரல் நுனியில படக் கூடாது, நடு மூட்டுக்கிட்ட இருக்கிற மடிப்புல உட்காரணும். நுனியில பட்டா 'டக்'குனு தட்டத்தான் தோணும். மடிப்புல கொக்கி மாதிரி விரலைப் போட்டுட்டு, முதுகால முழங்கையைப் பின்னாடி இழுத்தா டிரிகர் தானா விடும். டிரிகரை ரொம்ப லேசா வைக்காதீங்க, விரலை வெச்சதும் எடை தெரியணும். இழுக்கும்போது விரல் டிரிகருக்குப் பின்னால இருக்கட்டும், சைட் பின் இலக்குத் தட்டுல நின்ன பிறகுதான் முன்னால வரணும்.

அம்பு இல்லாம இழுத்து விடவே கூடாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காரணத்தையும் தெரிஞ்சுக்குங்க. லிம்ப்ல சேர்ந்த சக்தியை வாங்கிக்கிட்டுப் போறது அம்புதான். அது இல்லாட்டி அவ்வளவும் கேம் (நுனியில சுத்தற சக்கரம்), லிம்ப், நாண் மேலயே திரும்பும். விரிசல் விட்ட நாக்-கும் இதே வேலையைச் செய்யும், அதனால தட்டுலேர்ந்து எடுத்த ஒவ்வொரு அம்போட நாக்-ஐயும் கட்டை விரலால நெளிச்சுப் பாருங்க. ரிலீஸைப் பழக வில்லே வேண்டியதில்ல. உங்க டிரா லெங்த் அளவுக்கு ஒரு கயிறை வளையமாக் கட்டி, இடது கையில மாட்டி, ரிலீஸால இழுத்து விட்டுப் பழகுங்க.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
மேல அண்ணன் சொன்னதுல ஒண்ணுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. 50 மீட்டர் போகணும்னு இப்பவே முடிவு பண்ணிட்டா, கட்டை விரல் ரிலீஸை ஒரு தடவையாவது கையில பிடிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. முஷ்டி தாடை எலும்புக்கு அடியில பதியுது, அதனால ஆங்கர் (முழு இழுவையில கை முகத்துல பதியற இடம்) ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வரும். வார் ரிலீஸ்ல கை மிதக்கும். குறை என்னன்னா, அது மணிக்கட்டுல கட்டியிருக்காது. விரல்தான் முழு எடையையும் தாங்கணும், வேர்த்த கையில நழுவும். பட்டனைக் கட்டை விரல் நுனியால தொடாம அடிப்பகுதியில படற மாதிரி வைக்கணும். ஹிஞ்ச் வகை, அதாங்க டிரிகரே இல்லாதது, அதைத் தொடாதீங்க. அது கயிறுல மாதக்கணக்கா பழகினவங்களுக்கு.

சைட்டுக்கு வருவோம். 5 பின் வேண்டாம். வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் 20, 30, 40 யார்டுன்னு பின் வைக்கச் சொல்வாங்க, நம்ம ரேஞ்ச்ல கோடு மீட்டர்ல இருக்கும். 20 யார்டுங்கிறது 18.3 மீட்டர், அதனால முதல் பின் பொருந்திடும். 30 யார்டு 27.4 மீட்டர், அது நம்ம 30 மீட்டர் கோட்டுக்குப் பொருந்தாது. யார்டை மறந்துட்டு 18, 30, 50ன்னு 3 பின் வையுங்க, வேலை முடிஞ்சது. தூரம் முன்னாடியே தெரிஞ்ச தட்டுன்னா ஒரே பின் ஸ்லைடர் (டயலைத் திருப்பி தூரத்துக்கு ஏத்த மாதிரி பின்னை நகர்த்தற சைட்) இன்னும் சுத்தமா இருக்கும், வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி மட்டும். ஆனா 30லேர்ந்து 18க்கு வந்துட்டு டயலைத் திருப்ப மறந்தா அம்பு தட்டுக்கு மேல போகும். புதுசா வர்றவங்க இதை மறக்காம இருக்கிறது அபூர்வம். என் ஓட்டு 3 பின்னுக்கு.

கண்ணாடி விஷயம். உங்களுக்கு ஆஸ்டிக்மாட்டிசம் (கண்ணோட வளைவு ஒரே சீரா இல்லாத குறை) இருந்தா பின் புள்ளியாத் தெரியாது, கோடு இழுத்த மாதிரி இருக்கும். பீப் ஓட்டை சின்னதா இருந்தா உருவம் கூர்மையாகும், வெளிச்சம் குறையும். 3/16 இஞ்ச் நடுவாந்திரம், அதுல ஆரம்பிங்க. 1/4 மங்கல் வெளிச்சத்துக்கு, 1/8 கூரை இல்லாத ரேஞ்சுல நல்ல வெயிலுக்கு. சைட்டோட வெளி வட்டம் பீப் வட்டத்துக்குள்ள மெல்லிய ஒளி வளையம் விட்டு உட்காரணும். அந்த வளையம் ஒரு பக்கம் தடிச்சா உங்க தலை நகர்ந்திருக்குன்னு அர்த்தம்.

பின் தடிமன் 0.019 இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட அரை மில்லி, அதை வாங்குங்க. கண்ணுக்கும் பின்னுக்கும் சுமார் 80 சென்டி தூரம் வரும். அந்தக் கணக்குல 18 மீட்டர்ல பின் மறைக்கிறது 1 சென்டி சொச்சம், 50 மீட்டர்ல 3 சென்டி. 50 மீட்டருக்கு வைக்கிற 80 சென்டி தாள்ல 10 புள்ளி வட்டம் 8 சென்டி, அதனால தாராளம். 0.010 வாங்கினா உள்ளரங்க டியூப் லைட்ல பின்னைத் தேடிக்கிட்டு நிப்பீங்க. மதிய வெயில்ல இதுக்கு நேர் எதிர், பின்னுக்கு ஒளி கொடுக்கிற ஃபைபர் இழை ரொம்பப் பிரகாசிச்சு நட்சத்திரம் மாதிரி கீறல் விடும். ஃபைபர் சுருள்ல பாதியைக் கறுப்பு டேப்பால மூடினா அடங்கும்.

வாங்கும்போது கடையிலேயே ஒண்ணு செய்யுங்க. எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிட்டு பின் வட்டத்தைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் அசைஞ்சாலும் வெச்சிடுங்க. ரசமட்டக் குமிழி இல்லாத சைட்டையும் வெச்சிடுங்க.

போட்டிக்குப் போற ஆசை இருந்தா ஒரு தகவல்: வேர்ல்ட் ஆர்ச்சரி விதிப்படி காம்பவுண்டுக்கு உச்ச எடை 60 பவுண்ட். உங்க வில் தப்பிச்சிடுச்சு, 70 பவுண்ட் வாங்கியிருந்தா கழட்டிக்கிட்டு நிக்கணும்.

புக்கிட்ஜாலில்_ரேஞ்ச்பையன்:
காட்டுக்குப் போகலன்னு சொன்னது நல்லது. பின்னாடி யாராவது எஸ்டேட்ல பன்றி தொல்லைன்னு கூப்பிட்டாலும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 716, அதைப் பார்த்துட்டுப் போங்க பாஸ். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானோட உரிமம் இல்லாம வேட்டையாடினா குற்றம். அம்பு வில்தானேன்னு விட்டுட மாட்டாங்க. அப்புறம், ரிலீஸை வேர்வையோட பையில போட்டு மூடி வைக்காதீங்க, கொக்கி துரு பிடிச்சு சொரசொரன்னு ஆச்சுன்னா லூப்பை அரிக்கும்.

செந்தூல்_புதுவில்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. 3 பின் சைட், 0.019, 3/16 பீப், பக்கிள் ரிலீஸ் வாங்கி மாட்டியாச்சு. 10 மீட்டர்ல ஆரம்பிச்சேன், நடுவுல விழுது. 18 மீட்டர்ல ஒண்ணரை சென்டி இடது. 30 மீட்டர்ல 6 சென்டி இடது. குமிழி நடுவுலதான் நிக்குது. சைட்டை இடப்பக்கம் நகர்த்தட்டுமா? எந்தப் பக்கம் நகர்த்தணும்னும் குழப்பமா இருக்கு.

நாண்கட்டி_பட்டர்வொர்த்:
பொது விதி இது: அம்பு போன பக்கம் பின்னை நகர்த்தணும். இடப்பக்கம் போனா இடப்பக்கம், மேல போனா மேல. அளவு வேணும்னா, விலகின தூரத்தை 0.8 ஆல (கண்ணுக்கும் பின்னுக்கும் உள்ள 80 சென்டி) பெருக்கி, நிக்கிற மீட்டரால வகுங்க. 18 மீட்டர்ல 5 சென்டி விலகினா பின்னை 2.2 மில்லி நகர்த்தணும். ஒரு அம்பை வெச்சு நகர்த்தாதீங்க, 3 அம்பு ஒண்ணாக் குத்தின இடத்தோட நடுவை எடுங்க. முதல் பின்னுக்கு வட்டத்தையே மொத்தமா நகர்த்துங்க, மத்த பின்னைத் தனித்தனியா.

ஆனா இப்ப கையை வைக்காதீங்க தம்பி. உங்க நம்பரைப் பாருங்க. பின் மட்டும் பக்கவாட்டுல தள்ளியிருந்தா தூரத்துக்கு ஏத்த மாதிரிதான் விலகும், 18ல 3 சென்டின்னா 30ல 5. 10ல நடுவுல விழுந்தா 30லயும் கிட்டத்தட்ட நடுவுல விழணும். உங்களுக்கு 10ல ஒண்ணுமில்ல, 30ல குதிக்குது. அம்பு ஈர்ப்புல இறங்கற அளவும் இப்படித்தான், தூரம் கூடக் கூட வேகமாக் கூடும். அப்படின்னா வில் சாஞ்சு நிக்குது. மேல் நுனி இடப்பக்கம் சாய்ஞ்சா அம்பு இடப்பக்கம் போகும். 5 டிகிரி சாய்வுக்கு உங்க நம்பர் அப்படியே பொருந்துது.

குமிழி நடுவுல நிக்குதேன்னு கேப்பீங்க. குமிழி வில்லோட சேர்ந்து நேரா இல்லாம, சைட்லயே கோணலா உட்கார்ந்திருக்கு. நீங்க குமிழியை நம்பி ஒவ்வொரு தடவையும் வில்லைச் சாய்க்கிறீங்க. இதுக்குப் பேர் செகண்ட் ஆக்சிஸ்.

கொத்தனார் வெச்சிருக்கிற தூக்குக்குண்டு ஒண்ணு கடன் வாங்குங்க, இல்லாட்டி நூல்ல ஒரு நட்டைக் கட்டிக் கதவு நிலையில தொங்க விடுங்க. வில்லை இழுக்காம, அம்பு மாட்டாம, ஸ்டாண்ட்ல நிறுத்தி, பின்னாலேர்ந்து பாருங்க. நாண் நூலோட ஒரே கோடா வர்ற வரைக்கும் வில்லைச் சரி பண்ணுங்க. இப்ப குமிழியைப் பாருங்க. நடுவை விட்டு ஓடியிருந்தா, சைட் வட்டத்தைப் பிடிச்சிருக்கிற செகண்ட் ஆக்சிஸ் ஸ்க்ரூவை அலன் கீயால லேசாத் தளர்த்தி, குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் வட்டத்தைத் திருப்பி இறுக்குங்க. இறுக்கும்போதே கொஞ்சம் திரும்பும், அதனால இறுக்கின பிறகு மறுபடி பாருங்க. பின் மூணும் நூலுக்கு இணையா ஒரே வரிசையில நிக்கணும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
அதைச் செஞ்சும் 30ல இடதுன்னா, ரெஸ்ட்டைப் பாருங்க. அம்போட நடு, ரைசர்லேர்ந்து (கைப்பிடி இருக்கிற நடுச் சட்டம்) 19க்கும் 22 மில்லிக்கும் நடுவுல இருக்கணும், 20.5ல ஆரம்பிக்கலாம். அதுவும் சரின்னா கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறீங்க. மேடு பள்ளம் பார்த்து அடிச்சா மட்டும் பக்கவாட்டுல போகுதுன்னா அது தேர்ட் ஆக்சிஸ், சமதரை ரேஞ்சுல அதைப் பத்திக் கவலை வேண்டாம்.

செந்தூல்_புதுவில்:
அக்கா, அண்ணே, நூல் கட்டிப் பார்த்தாச்சு. நாண் நேரா நின்னதும் குமிழி ஒரு ஓரத்துல போய் ஒட்டிக்கிச்சு. திருப்பி இறுக்கிட்டேன். சனிக்கிழமை ரேஞ்சு போய் 18லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கிறேன், 30ல என்ன வருதுன்னு இங்கயே போடறேன்.