கற்றாழை நார் சேர்த்த எஸ்பிஆர் தகட்டில் இழுவலிமை குறைகிறது: உதவி தேவை

பாலிமர்_மாணவன்: எஸ்பிஆர் (ஸ்டைரீன்-பியூட்டாடையீன்) செயற்கை ரப்பரில் 6 மி.மீ. நீளத்துக்கு நறுக்கிய கற்றாழை நாரைக் கலந்து, 150 டிகிரியில் கியூர் செய்து (சூடாக்கி இறுகவைத்து) தகடு எடுத்தேன். தகடு விறைப்பாக இருந்தும், நார் சேர்க்காத தகட்டைவிட முன்னதாகவே அறுந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை அறிக்கை தர வேண்டும், விரைவில் சொல்லுங்கள்.

மில்காரர்: நூறு பங்கு ரப்பருக்கு நார் எத்தனை பங்கு? பிணைப்புப் பொருள் என்ன? மில்லிலிருந்து (ரப்பர் கலக்கும் இரட்டை உருளை இயந்திரம்) தகடு வெளிவரும் திசையில் டம்பெல் வடிவச் சோதனைத் துண்டை வெட்டினீர்களா, குறுக்கே வெட்டினீர்களா? உருளைகளின் குறுகிய இடைவெளியில் நுழையும்போது நார்கள் ஒரே திசையில் படுத்துவிடுவதால், குறுக்கே இழுத்தால் அவை வலு சேர்ப்பதில்லை.

தோப்புக்காரன்: ஈரம்தான் காரணம். உலர்த்தாத நாரிலிருந்து அச்சுக்குள் கிளம்பும் நீராவி தகட்டில் நுண்துளைகளை விட்டுச்செல்லும். விலை மலிவான தென்னை நாருக்கு மாறிவிடுங்கள்.

பழைய_கலவை: தம்பி, பாடநூலைத் திறந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நாரில் உள்ள செல்லுலோஸ் நீரை விரும்பும், எஸ்பிஆர் விரும்பாது. இரண்டும் தாமாக ஒட்டுவதில்லை. ரிசார்சினால், ஹெக்சாமின், நீரேற்ற சிலிக்கா மூன்றையும் கலவையிலேயே சேர்த்தால், ஹெக்சாமின் தரும் ஃபார்மால்டிஹைடு ரிசார்சினாலுடன் வினைபுரிந்து, கியூர் ஆகும்போதே பிசினாகி நாரைப் பிடித்துக்கொள்ளும். தென்னை நாரில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி, செல்லுலோஸ் குறைவு. அதைப் பரிந்துரைப்பது வேடிக்கை.

தோப்புக்காரன்: தென்னை நார் அறுவதற்கு முன் நன்றாக நீளும். நீளும் ரப்பருக்கு நீளும் நார் ஏன் ஆகாது, ஐயா?

பழைய_கலவை: நீண்டுகொடுக்கும் நார் சுமையை எப்படித் தாங்கும்? நுண்ணிழைகள் நாரின் அச்சுக்குச் சாய்ந்து சுற்றியிருப்பதால்தான் அது நீள்கிறது. வலிமை குறைவதற்கும் அதுவே காரணம்.

மில்காரர்: கயிற்றுச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இயந்திரங்களைச் சுழற்றும் வி-பெல்ட்டில் நார்களைக் குறுக்காகப் படுக்கவைப்பதே, பக்கவாட்டில் விறைப்பும் நீளவாட்டில் வளையும் தன்மையும் ஒருங்கே கிடைப்பதற்காகத்தான். திசையை அறிய, ஒரு துண்டை டொலுவீனில் ஊறவையுங்கள். நார் படுத்த திசையில் குறைவாக உப்பும். மேலும், மில்லில் நார் ஒடிவதால், நறுக்கிய 6 மி.மீ. அப்படியே மிஞ்சியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பாலிமர்_மாணவன்: 30 பங்கு. பிணைப்புப் பொருள் இல்லை. இரு திசை மாதிரிகளுக்கும் சேர்த்தே சராசரி எடுத்திருந்தோம்; பிரித்துப் பார்த்தால் நீளவாட்டில் இழுவலிமை கூடுதல். நாளை ரிசார்சினாலுடன் கலக்கிறேன். நன்றி.

மில்காரர்: கியூரை விரைவுபடுத்தும் முடுக்கியைச் சிலிக்கா உறிஞ்சிக்கொள்ளும், கியூர் நேரத்தை அதை அளக்கும் ரியோமீட்டரில் மீண்டும் பாருங்கள். எந்த முடுக்கி, எத்தனை பங்கு?