துன்மார்க்கனின் நம்பிக்கை அழியும் என்றால் எங்கள் இலை ஏஜென்ட் மட்டும் எப்படி?

கோத்தகிரிக்காரன்:
அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். பச்சை இலை எடுக்க வருகிற ஏஜென்ட், மழையோ வெயிலோ, இலையில் ஈரம் என்று சாக்குக்கு 3 கிலோ "ஈரக்கழிவு" எடையில் கழித்துவிடுவார். ஆனால் சர்ச்சில் முதல் பெஞ்ச், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 5,000 ரூபாய்க்கு எடுத்துவிட்டு "எல்லாம் ஆண்டவர் கொடுத்த ஆசீர்வாதம்" என்று சாட்சி வேறு. நடிப்பதாகவும் தெரியவில்லை, மனிதர் உண்மையாகவே நம்புகிறார். துன்மார்க்கனின் நம்பிக்கை அழியும் என்று பைபிள் சொல்வது இதைத்தானா?

குன்னூர் அண்ணன்:
நீதிமொழிகள் 11:7. "துன்மார்க்கன் மரிக்கும்போது அவனுடைய நம்பிக்கை அழியும்." மரிக்கும்போது என்றுதான் இருக்கிறது தம்பி, அதுவரைக்கும் நன்றாகவே ஓடலாம். அதே அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார், "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது". உன் ஏஜென்ட் கதைதான். லூக்கா 12-ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரன் யாரையும் ஏமாற்றியதாகக்கூட இல்லை, அவனுக்கே அன்று ராத்திரி உயிர் போகும் என்று கெடு.

மலைக்காற்று:
யோபு 8-ல் அந்த நம்பிக்கையைச் சிலந்திப்பூச்சி வீடு என்கிறது. பனிக்காலத்தில் காலையில் தேயிலைச் செடி மேல் வலை முழுக்க நீர் கோத்துப் பளபளவென்று நிற்கும், கொழுந்து கிள்ளக் கை வைத்தால் விரலோடு வந்துவிடும், அவ்வளவுதான் அதன் பலம். ஆனால் ஒன்று, இதைச் சொன்னது சிநேகிதன் பில்தாத், அதுவும் பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த யோபுவிடம். கடைசியில் (42:7) எலிப்பாஸ் மேலும், பில்தாத் உட்பட அவனுடைய இரண்டு சிநேகிதர் மேலும் தேவனுக்குக் கோபம். வார்த்தை சரி, யாரிடம் சொன்னான் என்பதுதான் தப்பு. அதனால் ஏஜென்டுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் இந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எசேக்கியேல் 33:15 பாருங்கள், துன்மார்க்கனே கொள்ளையிட்டதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக நடந்தால் பிழைப்பான் என்றிருக்கிறது. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றானே.

குன்னூர் அண்ணன்:
சரிதான். அப்புறம் தம்பி, சங்கீதம் 73-ஐயும் படி. துன்மார்க்கர் கொழுத்திருப்பதைப் பார்த்து அதைப் பாடிய ஆசாப்புக்கும் உன்னை மாதிரியே வயிற்றெரிச்சல்.

கோத்தகிரிக்காரன்:
வயிற்றெரிச்சல் உண்மைதான் அண்ணா, மறுக்கவில்லை. நாலத்தனை என்றால் சாக்குக்கு 12 கிலோ, அதை அவர் தருவார் என்று தோன்றவில்லை. நேற்று ஒரு தொங்கு தராசு வாங்கிவிட்டேன், இனி சாக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் நாங்களும் ஒரு தடவை எடை போடப் போகிறோம்.