மடல்களை நிறுத்திவைக்கும் அதிகாரம் குறித்து, பொதுக்குழுவுக்கு முன்பாக

அன்புடைய மேல்மலை உறவுகளுக்கு வணக்கம்.

கொடைக்கானலுக்குள் வெளியூர் வண்டிகள் நுழைய இணையவழியில் பெறும் அனுமதியான இ-பாஸ் பற்றிய மடல் இழை மூடப்பட்ட நாளிலிருந்து நம் சங்கத்தின் கூகுள் மடற்குழுவில் நடக்கும் வாக்குவாதம், மட்டுறுத்துநராக இருக்கும் அண்ணன் நல்லவரா கெட்டவரா என்ற திசைக்குப் போய்விட்டது. இத்தனை காலம் கைம்மாறு எதுவும் கருதாமல் நம் மடல்களைப் படித்து அனுப்பிவந்தவர் அவர். என் கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியதன்று. ஒரு மடலை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு யாரிடமிருந்து வந்தது, அதற்கு அவர் யாரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பதே.

தோகாவில் இருக்கும் தங்கை ஒருவர், தந்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மதுரை விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் மன்னவனூர் போக இ-பாஸ் வேண்டுமா என்று கேட்டிருந்தார். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாடு இது. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு, மதுரை வாடகை வண்டிக்குக் கிடையாது. நம்மில் யாரும் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த இ-பாஸ் குறித்து விடுதி நடத்துவோருக்கும் மற்றவர்களுக்கும் சச்சரவு முற்றியிருந்த நேரம் என்பதால், இ-பாஸ் என்ற சொல்லைக் கண்டதுமே அம்மடல் நிறுத்தப்பட்டது. நிறுத்தியதை அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. காரியம் முடிந்த பிறகுதான் அது நம் பார்வைக்கு வந்தது.

ஊர் மந்தையில் கூட்டம் நடக்கும்போது, வரம்பு மீறிப் பேசுபவரை உட்காரச் சொல்ல ஊர்த் தலைவரான பெரியதனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அது எல்லார் கண்முன்னும் நடக்கிறது, ஏன் என்று கேட்கவும் முடிகிறது. இங்கோ நிறுத்தப்பட்டது என்பதே நிறுத்தியவருக்கு மட்டும்தான் தெரிகிறது.

உறுப்பினர் எழுதும் மடலுக்காக வழக்கு வந்தால் யார் அலைவது என்று அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழு ஒன்றின் நிர்வாகி தொடர்ந்த வழக்கில், நிர்வாகியாக இருந்தது தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியிருப்பதையும் அவர் கருத வேண்டுகிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது என்கிறது. சங்கத் தலைவருக்கே உள்ள காலவரம்பு குழுவின் கடவுச்சொல்லை வைத்திருக்கும் மட்டுறுத்துநருக்கு மட்டும் ஏன் இல்லை? கூகுள் குழுமத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்களை வைக்க வழியிருந்தும் நாம் ஒருவரையே நம்பியிருக்கிறோம். அவர் உடல்நலமின்றிப் படுத்தால் புதிய உறுப்பினரைச் சேர்க்கக்கூட ஆளில்லை.

ஆகவே, மூவரை மட்டுறுத்துநர்களாகப் பொதுக்குழு தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், ஒரு மடலை நிறுத்தினால் அதன் காரணத்தை அன்றே, அம்மடலை அனுப்பியவருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும், அதை ஏற்காதவர் செயற்குழுவிடம் முறையிடலாம் என்றும் தீர்மானம் முன்மொழிகிறேன். வழிமொழிவோர் இந்த இழையிலேயே எழுதுங்கள். பொதுக்குழு கூடும்வரை காத்திராமல், அந்தத் தங்கைக்குச் சங்கத்தின் பெயரால் வருத்தம் தெரிவித்துச் செயலாளர் ஒரு மடல் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.