படிக்கப் படிக்க உலகம் தெளிவாகிறதா, புதிராகிறதா? (சூரியனை வைத்து ஒரு கேள்வி)

திண்டுக்கல் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் சிலபஸில் இல்லை என்று தள்ளிவிடுகிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

2019 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் கங்கண கிரகணம் தெரிந்தது. பள்ளி மைதானத்தில் சூரியக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். நிலா நடுவில் வந்து நிற்க, சுற்றிலும் வளையம் மட்டும் மிஞ்சியது. ராகு, கேது, பாம்பு என்று பாட்டி சொல்லிக் கேட்டிருந்ததெல்லாம் வெறும் நிலவின் நிழல்தான் என்று அன்றைக்குப் புரிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இப்படியே ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வரும் என்று நம்பித்தான் இயற்பியல் எடுத்தேன்.

இப்போது அதே சூரியனைப் பற்றிப் படிக்கிறேன், ஆனால் நடப்பது நேர்மாறு. மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், அதற்கு வெளியே சூரியனைச் சூழ்ந்திருக்கும் கரோனா என்ற வெளி வளிமண்டலத்தில் 10 லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பை விட்டுத் தள்ளி நின்றால் சூடு குறையத்தானே வேண்டும்? ஏன் கூடுகிறது என்று தேடினால் இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்கிறார்கள். தினமும் கண்ணெதிரே உதிக்கிற சூரியனுக்கே இந்த நிலைமை என்றால், எதைப் படித்து என்ன தெளிவு வரப்போகிறது என்று சில நாட்களாக ஒரே சோர்வு. "கற்றது கைம்மண் அளவு" என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், நீங்கள் படித்ததிலிருந்து சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நல்ல கேள்வி, அம்மா. நீ கேட்ட கரோனா விஷயத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது, அதன் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

பழைய சிடி ஒன்றை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார். வானவில் போல எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்காது, பச்சை ஒரு பட்டையாகத் தனியே தூக்கலாகத் தெரியும். குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி தருகிற நிறம் அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனி வரிகள் உண்டு என்பதை 1859-60 வாக்கில் கிர்க்காஃபும் புன்செனும் நிறுவினார்கள். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஆகஸ்ட் காம்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி, நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று எழுதியிருந்தார்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வான் ஆய்வகத்தின் போக்சன் என்று பலர் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். சோடியத்தின் வரிகளுக்குப் பக்கத்தில், ஆனால் அவற்றோடு ஒட்டாத ஒரு மஞ்சள் வரி தெரிந்தது. புதுத் தனிமம் என்று முடிவு கட்டி ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 1895-இல் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து அதே வாயுவைப் பிரித்துக் காட்டினார். இதுவரை உன் கிரகணம் மாதிரிதான், தெரியாதது தெரிந்துவிட்டது.

ஆனால் மறு ஆண்டே, 1869 கிரகணத்தில், கரோனாவில் ஒரு பச்சை வரி தென்பட்டது. அதுவும் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஹீலியத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்து, கரோனியம் என்று பெயரிட்டுத் தேட ஆரம்பித்தார்கள். எழுபது ஆண்டுகள் போயும் கிடைக்கவில்லை. தனிம அட்டவணை நிரம்பி, அதற்கு இடமும் இல்லாமல் போனது. கடைசியில் குரோட்ரியன், எட்லென் என்ற இருவரின் வேலையால் 1940-களின் தொடக்கத்தில் விடை வந்தது. அது சாதாரண இரும்பு. 26 எலக்ட்ரான்களில் 13 உரிக்கப்பட்ட இரும்பு.

இப்போது கவனி. இரும்பிலிருந்து 13 எலக்ட்ரான்கள் உரிய வேண்டும் என்றால் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். உன்னைச் சோர்வடைய வைத்த அந்தக் கேள்வி உறுதியாகப் பிறந்தது அங்கேதான். கரோனியம் என்ற புதிர் தீர்ந்தது, அந்தத் தீர்வே கரோனா ஏன் கொதிக்கிறது என்ற புதிரைக் கொண்டுவந்து வைத்தது. 1869-இல் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே தெரியாது. நீ இரண்டாம் ஆண்டிலேயே கேட்கிறாய். இதைக் குழப்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கரூர் செவிலியர்:

ஐயா சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் நான் வேறு பக்கம் நிற்கிறேன். புதிர் புதிர் என்று பேசும்போது, அறிவு எத்தனை பேரைப் பயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது என்பது மறந்துபோகிறது.

தங்கச்சி, நீ சொன்ன அதே கிரகண நாளில் நான் பிரசவ வார்டில் டியூட்டியில் இருந்தேன். காலை எட்டு மணி தாண்டியதிலிருந்து பதினொன்றே கால் வரை கர்ப்பிணிகள் பலர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தார்கள், குழந்தைக்கு ஊனம் வந்துவிடுமாம். சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண்ணின் மாமியார் இட்லித் தட்டைக் கையிலிருந்தே வாங்கி வைத்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து, இது நிழல்தான் அம்மா, சாயங்காலம் வேப்பமரத்து நிழலில் உட்காருவதில்லையா என்று நான் பேசிப் பேசித்தான் சாப்பிட வைத்தேன். அவளுக்கு அந்த நேரத்தில் உலகம் தெளிவானதா இல்லையா? கரோனா எத்தனை டிகிரி என்பது அவளுக்குத் தேவையே இல்லை.

தமிழ்நாட்டில் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் தெரியும் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவு என்ன வேண்டும்? விளிம்பில் நின்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வேண்டுமானால் உலகம் புதிராகலாம், பெரும்பாலானவர்களுக்கு அந்த விளிம்பு ரொம்ப தூரம். நடுவில் இருக்கும் தெளிவே இன்னும் போய்ச் சேரவில்லை.

சுரங்கத்து நியூட்ரினோ:

அக்கா சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விளிம்பில் நடப்பதை வெறும் "புதிர்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு உதாரணம், இதுவும் சூரியனிலிருந்துதான்.

சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆகும்போது நியூட்ரினோக்கள் என்ற, எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள் கிளம்புகின்றன. நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி போய்க்கொண்டிருக்கின்றன, இரவில்கூட, பூமியைத் துளைத்துக்கொண்டு. அவற்றைப் பிடிக்க ரே டேவிஸ் என்ற விஞ்ஞானி 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் அடியில் கிட்டத்தட்ட நான்கு லட்சம் லிட்டர் டிரை கிளீனிங் ரசாயனத்தைத் தொட்டியில் நிரப்பி வைத்தார். கணக்குப்படி வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி. டேவிஸின் சோதனையில் கோளாறு என்றார்கள் சிலர், சூரியனின் மையத்தைப் பற்றிய கணக்கே தப்பு என்றார்கள் சிலர். 2001, 2002-இல் கனடாவின் சட்பரியில் ஆயிரம் டன் கனநீரை (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) வைத்துச் செய்த சோதனை இரண்டையும் காப்பாற்றியது. சோதனையும் சரி, சூரியக் கணக்கும் சரி. நியூட்ரினோ வழியில் வகை மாறிவிடுகிறது, டேவிஸின் தொட்டிக்கு ஒரு வகை மட்டும்தான் தெரியும். வகை மாற வேண்டுமென்றால் அதற்கு நிறை இருக்க வேண்டும், அதுவரை நிறையே இல்லை என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நிறை எவ்வளவு என்பது இன்றைக்கும் துல்லியமாகத் தெரியாது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், சூரியனின் நடுவே என்ன நடக்கிறது என்பது நிஜமாகவே முழுத் தெளிவுக்கு வந்தது, அதே கையோடு நியூட்ரினோ முன்பைவிட விசித்திரமானது. இரண்டும் ஒரே சோதனையில். அதனால் "தெளிவா, புதிரா" என்று கேட்டால், எதைப் பற்றிக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பேன். (நம் கோலார் தங்கவயலின் அடியாழத்திலும் 1965-லேயே காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைக் கண்டிருக்கிறார்கள், இது நம் பாடப்புத்தகங்களில் அழுத்தமாக வர வேண்டிய செய்தி.)

திண்டுக்கல் மாணவி:

மூவருக்கும் நன்றி. அக்கா, அந்த வார்டு விஷயம் மனதை உலுக்கிவிட்டது, எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது, நான் வாய் திறக்கவில்லை. இனி திறப்பேன்.

ஐயா, ஒரு சந்தேகம். கரோனா சூட்டுக்கு "தெரியாது" என்று சொல்வது, 1869-இல் "தெரியாது" என்று சொன்னதைப் போன்றதா? எண்பது வருஷமாகியும் ஒன்றும் நகரவில்லையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நகர்ந்திருக்கிறது, நிறையவே. ஆற்றல் வருவது காந்தப்புலத்தின் வழியாக என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. சண்டை, அது எப்படி வெப்பமாகிறது என்பதில்தான். காந்த அலைகள் மேலே ஏறி அங்கே ஆற்றலைக் கொட்டுகின்றன என்பது ஒரு கட்சி. காந்தக் கோடுகள் முறுக்கிக்கொண்டு, அறுந்து ஒட்டும்போது கண்ணுக்குப் பிடிபடாத சின்னச்சின்ன வெடிப்புகள் எண்ணற்று நடக்கின்றன என்பது இன்னொரு கட்சி, இதை 1988-இல் யூஜின் பார்க்கர் வலுவாக முன்வைத்தார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், எந்த இடத்தில் எது எவ்வளவு என்பதுதான் கேள்வி. அவர் பெயரைத் தாங்கிய பார்க்கர் விண்கலம் 2021-இல் கரோனாவுக்குள்ளேயே புகுந்தது, 2024 டிசம்பர் 24 அன்று சூரிய மேற்பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கி.மீ. தூரம் வரை போனது. ஆக, 1869-இல் இல்லாத பொருளைத் தேடினார்கள், இன்று இரண்டு வழிகளை எடை போடுகிறார்கள்.

நம் சூரிய ஆய்வு விண்கலம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலுள்ள கரோனா கருவி பார்க்கும் நிறமாலை வரிகளில் ஒன்று 530.3 நானோமீட்டர், அதாவது நான் சொன்ன அதே பச்சை வரி, கரோனியம் என்று பெயர் வாங்கிய வரி. கருவியைச் செய்த இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள், அந்தப் பழைய தகடுகளை டிஜிட்டலாக்கியும் விட்டார்கள். உன் ஊரிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரே நாளில் போய்வரலாம், அம்மா. செமஸ்டர் விடுமுறையில் அங்கே மாணவர் திட்டம் ஏதாவது உண்டா என்று உன் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேள். சிலபஸில் இல்லை என்று அதைத் தள்ள முடியாது.