மறு: ஹான் 'ஒருங்கிணைப்பு' – வேறு சொல் வேண்டும்

வணக்கம். சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றின் பொது எழுத்துகளான ஹான் எழுத்துகளுக்கு யூனிகோடில் ஒரே எண் கொடுத்ததை ஆங்கிலத்தில் 'ஹான் யூனிஃபிகேஷன்' என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய உங்கள் கேள்விக்கு இது மறுமொழி.

> 'ஒருங்கிணைப்பு' எல்லாருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

தெரிந்த சொல்தான் ஐயா, என் தயக்கமும் அதனால்தான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடை ஏற்கெனவே 'ஒருங்குறி' என்கிறோம். "ஒருங்குறியில் ஹான் ஒருங்கிணைப்பு" என்று எழுதினால், ஹான் எழுத்துகளை யூனிகோடுக்குள் கொண்டுவந்து சேர்த்த வேலை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடந்தது வேறு.

சீனர் ஹான்சி, ஜப்பானியர் காஞ்சி, கொரியர் ஹன்ஜா என்பதெல்லாம் ஒரு வேரில் கிளைத்த எழுத்துகள். ஒவ்வொரு நாடும் எழுத்துக்கு எண் தரும் தனித்தனி அட்டவணை வைத்திருந்தது. யூனிகோடு தொடங்கிய காலத்தில் உலக எழுத்துகள் எல்லாவற்றையும் 16 பிட்டுக்குள், அதாவது 65,536 இடங்களுக்குள், அடக்க நினைத்தார்கள். அதனால் நாடுகளுக்குப் பொதுவான எழுத்துக்கு ஒரே எண் கொடுத்தார்கள். 1992இல் வந்த தொகுப்பில் 20,902 எழுத்துகள்.

'எலும்பு' என்று பொருள்படும் எழுத்தைப் பாருங்கள். அதன் யூனிகோடு எண், பதினாறடிமான முறையில், 9ஏஏ8 (9AA8). தலைப்பகுதிக்குள் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சீனப் பெருநிலத்தில் அது இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். ஒரு எச்டிஎம்எல் கோப்பில் இந்த எழுத்தை இரண்டு முறை இட்டு, ஒன்றுக்கு மொழிக்குறி சீனம், மற்றதற்கு ஜப்பானியம் என்று கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மொழிக்கும் எழுத்துருக்கள் கணினியில் இருந்ததால், கட்டம் ஒன்றில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் வந்தது. எண் மாறவில்லை. மொழிக்குறியை எடுத்துவிட்டால் எந்த வடிவம் வரும் என்பது கணினியைப் பொறுத்தது. ஜப்பானிய உரை சீன முகத்தோடு வந்து நிற்கும்.

இப்படி ஒரே எண் கொடுத்ததற்கு ஜப்பானில் எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் ஒரு கோடு மாறினாலும் அவர்களுக்கு உறுத்தும். டோக்கியோவின் கட்சுஷிகா வட்டமும் நாரா மாநிலத்தின் கட்சுராகி நகரமும் ஒரே முதலெழுத்தை இரு வடிவில் எழுதுகின்றன. இரண்டுக்கும் எண் ஒன்றே. எழுத்தின் பின்னால் எந்த வடிவம் என்று சொல்லும் வடிவத்தேர்வுக் குறி ஒட்டித்தான் பிரிக்க முடிகிறது. இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக் மூன்றிலும் பெரிய 'ஏ' (A) ஒரே மாதிரி இருந்தும் மூன்று எண் கொடுத்தீர்களே, எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்று என்று அவர்கள் கேட்டதை நான் ஒதுக்கமாட்டேன்.

ஆனால் எழுத்துகளையே கலந்துவிட்டார்கள் என்பது சரியில்லை. ஒரே நாட்டின் அட்டவணையில் ஏற்கெனவே பிரிந்திருந்தவை பிரிந்தே இருந்தன. ஜப்பானிய அட்டவணையில் 'வாள்' என்பதற்கு ஆறு வடிவங்கள். ஆறுக்கும் யூனிகோடில் தனி எண்தான். ஆக, ஒன்றாக்கப்பட்டது எண் மட்டுமே. வடிவத்தை எழுத்துருவிடம் விட்டார்கள். சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

இதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட 'லை'யும் இன்றைய 'லை'யும் யூனிகோடில் ஒரே எண்தொடர்தான். பழைய பாணி எழுத்துருவைப் போட்டால் தும்பிக்கை வந்துவிடும். அதை யாரும் 'லை ஒருங்கிணைப்பு' என்று சொல்வதில்லை.

ஆகவே என் பரிந்துரை ஹான் ஓரெண்ணாக்கம். ஒன்றாக்கிய எண்ணைப் பின்னர் இரண்டாக்குவதற்கு எண்பிரிப்பு. ஓரெண்ணாக்கம் 'எண்மமாக்கம்' (டிஜிட்டலாக்கம்) போல ஒலிக்கிறது என்று ஒருவர் முன்பே சொன்னார். அந்தக் குறை உண்மைதான். ஆனால் 'இணைப்பு' மின்னஞ்சல் கோப்பை நினைவூட்டுகிறது, 'ஒருமைப்பாடு' மேடைப்பேச்சை. அவற்றைவிட இது பொருளுக்கு அருகில் நிற்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இந்த இரு வடிவங்களும் ஓரெண்ணாக்கப்பட்டவை; எண்பிரிப்புக் கோரிக்கை ஏற்கப்படவில்லை." எனக்கு நாவில் தடங்கல் இல்லை. உங்களுக்கு எப்படி என்று சொல்லுங்கள். 'ஓரெண்' என்பதற்குப் பதில் 'ஒருகுறி' என்று யாராவது முன்மொழிந்தால், அது 'ஒருங்குறி'யோடு எப்படிக் குழம்பாமல் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.