பூனைக் குலத்தின் வைத்தியருக்குப் புங்கமரம் எந்த அளவுக்கு உதவும்?

அல்சூர் வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். பூனைகள் தமக்கெனக் குலமும் சட்டதிட்டமும் வகுத்துக்கொண்டு வாழும் தொடர்கதை ஒன்றை எழுதிவருகிறேன். களம் பெங்களூரு லால்பாக் பூங்கா. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையில்தான் குலம் கூடுகிறது. குலத்தின் வைத்தியப் பூனைக்கு முதலில், மேலைநாடுகளில் காய்ச்சல் மருந்தாகப் பயன்பட்ட வில்லோ மரப்பட்டையை நினைத்திருந்தேன். ஆனால் நம் ஊர்க் கதைக்கு அது ஒட்டவில்லை என்பதால், இந்நகரின் தெருவோரமெங்கும் நிழல் தரும் புங்கமரத்தையே மருந்துமரமாக்க விரும்புகிறேன். எந்தப் பாகத்தை, எந்த நோய்க்கு, எவ்வாறு பயன்படுத்தலாம்? கற்பனையே என்றாலும் மருந்தின் இயல்பு பொய்யாகிவிடக் கூடாது.

மூலிகை நேயர்:
சித்த மருத்துவத்தில் புங்கெண்ணெய் சொறி, சிரங்கு, ஆறாத புண் ஆகியவற்றுக்கு மேற்பூச்சாகப் பயன்படுகிறது; இலையைக் கொதிக்கவைத்த நீரால் புண்ணைக் கழுவுவதும் உண்டு. உள்மருந்து என்ற பேச்சே வேண்டாம், ஐயா. பச்சை விதையைத் தின்றால் குமட்டலும் வாந்தியும் வரும். மீன்களை மயக்கிப் பிடிக்க அதை அரைத்து நீரில் கலக்கும் வழக்கமே இருந்திருக்கிறது.

செக்கில்லாத குலம் எண்ணெய்க்கு என்ன செய்யும் என்பதுதான் சுவையான இடம். புங்கங்காய் முற்றினாலும் தானாக வெடிப்பதில்லை. தட்டையாக, மரத்துண்டுபோல் கெட்டியாக இருக்கும் அதன் தோடு, கீழே விழுந்து மழையில் ஊறி மக்கிய பிறகுதான் பிளவுபடும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதைதான் இருக்கும். எனவே எண்ணெய் எடுப்பதை மழைக்காலத்துக்குப் பிந்திய வேலையாக வையுங்கள். மக்கிய காய்களைப் பொறுக்குவதும் விதையைப் பாறையில் வைத்துக் கல்லை உருட்டி நசுக்குவதும் இளம்பூனைகளின் பயிற்சியாகட்டும். தானியத்தில் பூச்சி அண்டாதிருக்க நொச்சியிலையோடு புங்கயிலையையும் போட்டுவைப்பார்கள். அதேபோல் தாய்ப்பூனையின் படுக்கையிலும் பரப்பலாம்.

பூனைத்தோழி, ஜெயநகர்:
பச்சிலையை மென்று பற்றுப் போடுவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். பூனையின் தாடை மேலும் கீழுமாகத்தான் அசையும். கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல்போல் வெட்டுமே தவிர அரைக்கா.

இதைவிடப் பெரிய சிக்கல் நாக்கு. பூனையின் மேல் எதைத் தடவினாலும் அது கடைசியில் வயிற்றுக்குள்தான் போகும். மேலும், நம் ஈரல் எளிதில் கழித்துவிடும் பல பொருள்களைப் பூனையின் ஈரலால் விரைவாகக் கழிக்க முடியாது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறித்துவிடும். உங்கள் கதைக்குப் பொருத்தமான நோய், ஒருவகை நுண்ணிய உண்ணியால் காதோரத்தில் தொடங்கி முகத்துக்கும் பரவும் சொறி. தன் காதைப் பூனையால் நேராக நக்க முடியாது. ஆனால் முன்னங்காலால் துடைத்து அந்தக் காலை நக்கும். போதாக்குறைக்கு, தலையையும் கழுத்தையும் ஒன்றுக்கொன்று நக்கிவிடுவதுதான் பூனைகளின் உறவுமுறை. ஆகவே மருந்திட்டவரை மற்றவர் நக்கலாகாது, அவரும் தம்மை நக்கலாகாது, மருந்தைக் கழுவித் துடைக்கும்வரை காவலுக்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று குலம் சட்டம் வைத்தே தீரவேண்டும். அன்புகாட்டும் வழியையே தடுக்கும் அந்தச் சட்டத்தில் உங்கள் கதை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பின்குறிப்பாக ஒன்று: இவையெல்லாம் கதைக்கு மட்டுமே. வீட்டுப்பூனைக்குச் சொறி கண்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். புங்கெண்ணெயையோ வேப்பெண்ணெயையோ தடவாதீர்கள்.

அல்சூர் வாசகன்:
மிக்க நன்றி, அம்மா. அந்தச் சட்டத்தை மீறும் ஒரு தாய்ப்பூனையை இப்போதே எழுதத் தோன்றுகிறது. காய்ச்சலுக்கு மட்டும் வில்லோப் பட்டையை வைத்துக்கொள்ளலாமா?

பூனைத்தோழி, ஜெயநகர்:
வேண்டாம். அந்தப் பட்டையில் இருப்பது ஆஸ்பிரினுக்கு இனமான பொருள். ஒருமுறை கொடுத்த ஆஸ்பிரினில் பாதி கழியவே பூனையின் உடலுக்கு ஒன்றரை நாள் அளவுக்கு ஆகிறது. அதற்குள் அடுத்த வேளையும் கொடுத்தால் நஞ்சு சேர்ந்துவிடும். காய்ச்சல் கண்ட பூனையைப் புங்கநிழலில் கிடத்தி, நீர் அருந்தவைத்து, அது தானாக இரை தேடும்வரை வைத்தியர் பக்கத்திலேயே இருப்பதாக எழுதுங்கள்.