தலையில் அடிபட்ட அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். ஆறு வருஷம் முன்னாடி அப்பா பைக்கிலிருந்து விழுந்துட்டார். ஹெல்மெட் போடலை. சி.டி. ஸ்கேனில் சின்ன ரத்தக்கசிவு. ஆபரேஷன் இல்லாமலே சரியாச்சு. இப்போ வயசு 63. சாவியை வெச்ச இடம் எனக்கும்தான் மறக்குது. ஆனா போன வாரம் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாம நின்னுட்டார்.

நான் படிச்சவரைக்கும், மூளையில் அடிபட்டா ரத்தத்தில் ஏறுற ஜிஎஃப்ஏபி, யூசிஹெச்-எல்1 புரதங்களைப் பார்க்கும் சோதனைக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2018-லயே அனுமதி கொடுத்திருக்கு. ஆனா அது அடிபட்ட சில மணி நேரத்துக்குள்ள, சி.டி. தேவையான்னு முடிவெடுக்க. எங்களுக்கு ஆகாது. நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியுற என்எஃப்எல்ங்கிற புரதம் வருஷக்கணக்கா உயர்ந்திருக்கலாமாம். ஆனா வயசானாலே அதுவும் ஏறும். பி-டாவ்217-ங்கிற புரதத்தோட அளவை பீட்டா அமிலாய்டுங்கிற இன்னொரு புரதத்தோட ஒப்பிடும் சோதனைக்கு 2025 மே மாசம் எஃப்டிஏ அனுமதி கிடைச்சது, அது அல்சைமர் மறதி நோய்க்கு.

மதுரைப் பக்கம் என்எஃப்எல், பி-டாவ்217 எடுக்கிற லேப் இருக்கா? எவ்வளவு ஆகும்? முக்கியமா, ரிசல்ட் பார்த்து உங்க வீட்டில யாருக்காவது டாக்டர் சிகிச்சையை மாத்தினாரா? பி12, தைராய்டு பார்த்தாச்சு, நார்மல். வல்லாரை லேகியம் மட்டும் சொல்லாதீங்க, ஏற்கெனவே மூணு டப்பா இருக்கு.